பகல் தூக்கம்

பள்ளியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது:
தங்கள் மகன் நித்திலன் பதினொரு நாட்களாக வரவில்லை.
பதினொரு நாளும்
அவனை கேட்டில் இறக்கிவிட்டுத்தான்
நைட் ஷிப்ட் எரிச்சல் கண்ணோடு வீடு திரும்பினேன்.

பெயர் கூப்பிடுவார்களாம்.
'உள்ளேன் ஐயா'வின் 'உ'
தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளுமாம்.
அது எழுந்திருப்பதற்குள்
நிவாஸ், பரணிதரன், பிரதாப்
எல்லாரும் உள்ளே இருந்துவிட்டார்கள்.

டி.சி. கொடுத்த தலைமையாசிரியர்
நல்லவர்தான், டீ சொன்னார்.
"வீட்ல யாரு சொல்லிக் குடுப்பா?"
நான் சிப்காட்டில் வால்வு திருப்புகிறவன்.
வளர்மதி பிளஸ் டூவில்
கணக்குப்பதிவியலில் கோட்டை விட்டவள்.
"நாங்கதான்" என்றாள்.
டீயை நான் குடிக்கவில்லை.

வீடு ஓ.டி.யில்.
ஓ.டி. பார்த்தால்தான் அதற்கு வாடகை.
ஒரே அறை, ஒரே ஃபேன்.
ஒன்பது மணிக்கு அதன் கீழ் நான் படுப்பேன்.
அதே ஒன்பதுக்கு அடுப்போரம் பள்ளி திறக்கும்.
"அப்பா தூங்குறாரு, மெதுவா."
அந்தப் பள்ளிக்கு அது ஒன்றுதான் விதி.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ,
பதினாறாம் வாய்ப்பாடு
வெறும் காற்றாக வந்தது அவனிடமிருந்து,
எங்கேயும் நிற்காமல்.
கெடிலம், பெண்ணை, பரவனாறு
ஒவ்வொன்றாய்க் கூட்டிவந்து கடலில் விட்டான்.
கடலூரின் 'க'வில்கூட இடறவில்லை.
அவரைக்காய் ஒடிக்கும் சத்தம் நின்றது.
நான் புரண்டு படுக்கப் போனவன்
அப்படியே கிடந்தேன்.

"எந்த ஸ்கூல்ல போட்டிருக்கீங்க?" என்கிறார் மாமனார்,
போன் செய்யும்போதெல்லாம்.
கழற்றிப்போட்ட என் சட்டையை முகர்ந்து
இன்னைக்கு அழுகின முட்டை, நேத்து நெயில் பாலிஷ் என்கிறான்.
இதை அறிவியலில் சேர்க்கலாமா, தெரியவில்லை.
பின்னத்தில் வகுத்தலுக்கு ஏன் தலைகீழாக்க வேண்டும் என்று
அவன் கேட்க, அவள்
"எனக்கும் யாரும் சொல்லலடா" என்று
பென்சிலைக் கீழே வைத்தாள்.
இரண்டு நாள் ஆயிற்று.
ஒரு சப்பாத்தியைக் கிழித்துக் கிழித்து
இரண்டு பேருமாகக் கண்டுபிடித்தார்கள்.

ஆனாலும்
மஞ்சக்குப்பம் பஸ்ஸில், அந்த ஹாரனுக்கு நடுவே
எத்தனை நாள் ஒருவன் கிசுகிசுத்து டிக்கெட் கேட்பான்?
இந்தக் கணக்குதான்
ஃபேனுக்குக் கீழ் என்னோடு படுத்துக்கிடக்கிறது.
மற்றபடி சத்தத்தால் தூக்கம் கெடுவதில்லை.

வியாழன் எனக்கு ஆஃப்.
குளித்து, சலவைச் சட்டை போட்டு
பாடம் கேட்க உட்கார்ந்தேன்.
புத்தகம் திறந்தான்.
ப. ப.
அவன் உதட்டைப் பார்க்காமல்
காலண்டரைப் பார்த்தேன். பிறகு பல்லியை.
வளர்மதி ஒன்றும் பேசவில்லை.
பாயை உதறி விரித்தாள்.

படுத்தேன், சலவைச் சட்டையோடு.
கண்ணை மூடினேன்.
நம்பட்டும் என்று
கொஞ்சம் குறட்டையும் விட்டேன்.

"அப்பா இப்பிடி விடமாட்டாரும்மா."
'இ'யில் ஒரு சின்ன இழுப்பு.
கிசுகிசுப்பா அது? இல்லை என்றுதான் பட்டது.
திறந்து பார்த்தால் போய்விடும்.
இன்னொரு குறட்டை விட்டேன்,
முன்னதைவிட மோசமாக.