மூன்று நிமிடம்

ஹீலோவில் இன்றும் மழை.
கவுன்சில் மண்டப வாசலில் குடைகள்
வாளிக்குள் தலைகீழாய் நிற்கின்றன.
என் வேலை எளியது.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
அரை நிமிடம் மிஞ்சும்போது மஞ்சள் விளக்கு,
தீர்ந்ததும் சிவப்பு.
உலகத்துக்குச் சோறு போடும் வழியை
அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

பெயர், ஊர், பிறகு மூன்று கட்டம்:
ஆதரவு. எதிர்ப்பு. கருத்து மட்டும்.
காலை ஒன்பதுக்கே நூற்றுப் பதினாறு பேர்.

முதலில் ருஃபினோ அக்பாயனி,
பூனாவில் பப்பாளி போடுகிறவர்.
இஸ்திரி போட்ட சட்டை,
நகக்கண்ணில் எரிமலை மண்.
"நோய் வந்த வருஷம் மரமெல்லாம் நின்றபடியே செத்தது.
பழத்தின்மேல் வட்டம் வட்டமாய்,
யாரோ ஈரக் கோப்பையை வைத்து எடுத்தமாதிரி.
அந்தக் கிருமியின் ஒரு துணுக்கையே
விதைக்குள் வைத்துத் தந்தார்கள்.
மரம் பிழைத்தது. நானும்.
போன மாதம் ஒரே ராத்திரியில்
முன்னூறு மரம். இடுப்பளவில் வெட்டு.
காயைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால்
திருட்டுப்பயல் என்று திட்டித் தீர்த்திருப்பேன்.
ஒரு காய்கூட எடுக்கவில்லை."
மஞ்சள் எரிய, உட்கார்ந்துவிட்டார்.
மிச்சம் பதினெட்டு நொடி.
அதை இன்னொருவருக்குத் தர விதியில்லை.

பிலி நாஹினு, வைப்பியோ பள்ளத்தாக்கு.
பேசுமுன் ஒரு சேம்பிலையை மேஜைமேல் வைத்தாள்.
அவள் தலைமுடியிலிருந்து சொட்டிய மழை
அதன்மேல் உருண்டது, ஒட்டவில்லை.
"எங்களில் முதலில் பிறந்தது சேம்பு.
அடுத்துத்தான் மனிதன்.
அண்ணனை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய்
காப்புரிமைச் சீட்டோடு திருப்பி அனுப்பினால்
வீட்டில் அவனை என்னவென்று கூப்பிடுவது?"
கைதட்டல். இங்கே கைதட்டக் கூடாது.
அதையும் பதிவு செய்தேன்.

பிறகு வரைபடங்களோடு ஒரு பேராசிரியர்.
பிறகு இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி:
"இவளுக்கு எட்டு மாதம்.
உங்கள் ஆய்வுக்கு எத்தனை மாதம், ஐயா?"
பிறகு மீன்வால் வைத்த தக்காளி வேஷத்தில் ஒருவன்.
நாற்காலியில் உட்கார முடியாமல்
மூன்று மணி நேரம் நின்றே வியர்த்தான், பாவம்.
சும்மா இருக்கும் கை, கோடு போட்டு எண்ணியது:
'உலகின் பசி' நாற்பத்தொரு முறை.
'என் பசி', ஒரு கோடும் இல்லை.

எழுபத்து மூன்றாவது: டெல்மர் ஃபூர்டாடோ.
மழை நாட்களில் கடைசி வரிசைக்குத் தூங்க வருபவர்.
ஊர் என்ற இடத்தில் எதுவும் எழுதவில்லை.
கட்டம் எதையும் தொடவில்லை.
ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார்.
"சாப்பாட்டு வரிசை என்று நினைத்தேன்.
நின்றேன். கையெழுத்து கேட்டார்கள்."

மண்டபம் சிரித்தது, கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான்.
அவர் நகரவில்லை.
இரண்டு நிமிடம் ஐம்பது நொடி பாக்கியிருந்தது,
அது தமக்குரியது என்பதுபோல நின்றார்.
எவரும் இருமவில்லை.
மஞ்சள்.
சிவப்பு.
பின்மேஜைக்கு நடந்தார்.
அங்கே இரண்டு தட்டு பப்பாளி,
இரு தரப்பும் கொண்டுவந்து வைத்தது,
ஒன்றில் சீட்டு, ஒன்றில் இல்லை.
இரண்டிலும் எலுமிச்சை பிழிந்து
நின்றவாக்கிலேயே தின்றார்.
"அந்தப் பக்கம் கொஞ்சம் தித்திப்பு," என்றார்.
எந்தப் பக்கம் என்று யாரும் கேட்டதாகப் பதிவில் இல்லை.

வாக்கெடுப்பு அடுத்த மாதத்துக்குப் போனது.
மிஞ்சியதை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.
வழித்த விதைகளை, இரண்டு தட்டின் விதைகளையும்,
மிளகுபோல் கறுத்து மினுங்கியவற்றை,
வழக்கம்போலப் பின்கதவைத் திறந்து
வேலியோரம் வீசினேன்.

பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது.
ருஃபினோ, பிலி, இருவரின் முகமும்.
கைபேசி வெளிச்சத்தில் மண்டியிட்டு
மழைக்குள் பொறுக்கத் தொடங்கினேன்.
எல்லாமே கறுப்பு, மண்ணும்.
நாளெல்லாம் நொடிகளை எண்ணியவள்,
எத்தனை வீசினேன் என்று
எண்ணி வைக்கவில்லை.