பின்னிணைப்பு ஆ

ஆறாவது முறையாக அடிக்கிறேன் மகஜரை.
முதல் வரைவில் ‘கோருகிறோம்’ இருந்தது.
ஹாஜி மீரான் அதைக் ‘கேட்டுக்கொள்கிறோம்’ ஆக்கினார்.
டத்தோ ஆவுடையப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
‘பணிவுடன்’ ஒன்றை அதன் முன்னால் வைத்தார்,
படையலுக்கு முன் வெற்றிலை வைப்பதுபோல.
இப்போது வாக்கியம் குனிந்தபடியே நிற்கிறது.

வடமண்டல இந்திய வணிகர் சம்மேளனம்,
பினாங்கு ஸ்திரீட், நகைக்கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
பினாங்கு, கெடா, பெர்லிஸ் மூன்றுக்கும் சேர்த்து
ஒரே குளிர்சாதனம். அதுவும் ஒழுகும்.
கீழே கேசட் கடை ஒலிபெருக்கி;
ஜன்னலை அடைத்தாலும்
தபேலா மட்டும் படியேறி வந்துவிடும்.

பொருள்: குறைந்தபட்சச் சம்பள உயர்வைப்
பதினெட்டு மாதம் ஒத்திவைத்தல்.

பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன்.
கூலிமில் சலவைக்கடை வைத்திருக்கும் இராசம்பாள்
போன கூட்டத்தில் மின்கட்டண ரசீதை மேசையில் விரித்து,
பழக்கதோஷத்தில் உள்ளங்கையால் சுருக்கம் நீக்கியபடி,
‘இதைக் கட்டினா அதுக்கில்ல,
அதைக் கட்டினா இதுக்கில்ல’ என்றார்.
வேலையாட்கள் இரண்டு பேர்.
அவர்களுக்குக் கொடுத்தபின் மிஞ்சினால்தான்
அவர் வீட்டில் மீன்.
அந்தப் பத்தியை நானே எழுதினேன்,
ஓர் அடைமொழியும் கூட்டாமல்.
ஆனால் அதே பத்திக்கு அடியில்
பதினொரு கிளை உணவகக்காரரும் வந்து நிற்கிறார்,
மழைக்கு அடுத்தவர் குடையில் நுழைவதுபோல.

பின்னிணைப்பு ஆ: பாதிக்கப்படும் நிறுவனங்கள்,
ஆட்கள், கூடுதல் செலவு.
கட்டம் கட்டமாக நிரப்புகிறேன்.
முடிதிருத்தகம், மளிகை, லாரி, அச்சகம்.
தலைக்கு மாதம் இருநூறு வெள்ளி ‘சுமை’.
சுமை என்று அடிக்கும்போது
என் பை நினைவுக்கு வந்தது.
பாகான் டாலாமிலிருந்து விடிகாலையில் படகுக்கு நடக்கையில்
தோளை அறுக்கும் பை:
சோறு, குடை, மாற்றுச் செருப்பு,
மூன்றாம் முறை வந்திருக்கும்
பள்ளிப் பேருந்துக்காரர் சீட்டு.

மொத்தம் 4,316.
சரிபார்த்தேன். கூட்டல் சரி.
ஆள் ஒன்று குறைகிறது.

சம்மேளனமும் ஒரு நிறுவனம்தானே?
கடைசி வரிசைக்குக் கீழே இன்னொன்று சேர்த்தேன்.
எழுத்தர்: ஒருவர். கூடுதல் செலவு: இருநூறு.
4,317.
டத்தோ பக்கம் பக்கமாகச் சுருக்கொப்பம் இட்டு வந்தார்.
அந்தப் பக்கத்தில் அவர் பேனா தயங்கியது.
நெஞ்சு திக்கென்றது எனக்கு.
மை தீர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை. கர்னி டிரைவ், கடலைப் பார்த்த ஹோட்டல்.
துணையமைச்சர் பசியாற வந்திருந்தார்.
மாலை போட்டார்கள். இட்லிக்கு முள்கரண்டி வைத்திருந்தார்கள்.
மகஜரின் ஒரு முனையை அவரும்
மறுமுனையைப் பதினான்கு கைகளும் பிடித்துக்கொள்ள,
உபரிப் பிரதிகளோடு நான்
படத்துக்கு வெளியே நின்றேன்.
அதிகாரி ஒருவர் முத்திரை குத்தினார்: ‘டித்தெரிமா.’
மலாயில் அதற்கு வந்து சேர்ந்தது என்றும் பொருள்,
ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றும் பொருள்.
அன்று மாலை வாட்ஸ்அப் குழுவில்
சம்மேளனம் இரண்டாவதை எடுத்துக்கொண்டது.
வரிசையாகக் கைகூப்பல்கள், பூங்கொத்துகள்.
இராசம்பாள் மட்டும் ‘எப்ப தெரியும்?’ என்று கேட்டிருந்தார்.
யாரும் பதில் போடவில்லை.
நான் போட்டேன்: ‘தெரியலக்கா.’

எட்டு மணிச் செய்தி.
துணையமைச்சர் தாளைப் பார்த்து வாசிக்கிறார்:
‘நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு தொழிலாளர்
சம்பந்தப்பட்ட விவகாரம். இரு தரப்பையும் கேட்போம்.’
இரு தரப்பு!
சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டேன்.
மகன் கணக்குப் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை.
‘டேய், அந்தக் கடைசி ஏழுல
ஒண்ணு நான்தான்டா’ என்றேன்.

‘ஏழுல ஒண்ணுன்னா’ என்றான்,
‘பின்னமாம்மா?’