இருபது தெத்ரி

திபிலிசியின் அந்தப் பதினாறு மாடிக் கட்டடத்தில்
காசு போட்டால்தான் லிஃப்ட் ஏறும்.
இறங்க இலவசம்.

சிறையிலிருந்து வந்த வாஜா
உருளைக்கிழங்குப் பையோடு
வெறும் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தான்.
லாமாரா காசு போட்டாள்.
அன்றிலிருந்து அவளேதான்.
பதிலுக்கு அவள் வீட்டுக் குழாயைச் சரிசெய்தான்;
இன்னும் ஒழுகுகிறது.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே
லிஃப்ட் நின்றுபோன ஒரு மாலை
சொல்லிவிட்டாள்:
“உன் தீர்ப்பைத் தட்டச்சு செய்தது நான்தான்.”

விளக்கு ஒருமுறை அணைந்து வந்தது.

“என் பெயரில் ஓரெழுத்து விட்டுப்போயிருந்ததே?”
“அதுவும் நான்தான்.”
“அப்படியென்றால் ஏழு வருஷமும்
உள்ளே இருந்தது வேறெவனோ.”
சிரித்தானா, தெரியவில்லை.

கீழே யாரோ கதவைத் தட்டினார்கள்.
பையைத் துழாவி
ஓர் ஆப்பிளை நீட்டினான்,
அடிபட்ட பக்கத்தைக் கட்டைவிரலால் மறைத்தபடி.