விற்பனைக்கு அல்ல

பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டு
வீட்டுக்குள் நுழையும்போது மணி ஐந்தே முக்கால்.
அக்டோபர் மாத நெப்ராஸ்கா.
வானம் பாதிக் கடையைச் சாத்திவிட்டது.
இன்னும் இருநூறு ஏக்கர் சோளம் நிற்கிறது,
நாளை மழை என்கிறான் வானொலிக்காரன்.
கர்ட் இன்று சாப்பிட வரமாட்டான்.
சாப்பாடுதான் அவனைத் தேடிப் போகவேண்டும்.

இருபது நிமிடம், ஒரு வாணலி,
கழுவ ஒரு கரண்டி.
வாரநாள் சமையலில் எனக்கு இருக்கும் ஒரே கொள்கை இது.

வெங்காயத்தை அரிந்துகொண்டே கத்தினேன்:
"ஹேட்டி, கீழே போய் ஒரு பொட்டலம் கொத்துக்கறி எடுத்துட்டு வா."

நிலவறைப் படிகள் பதினொன்று.
இறங்கும் சத்தம் கேட்டது.
ஃப்ரீசரின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.
பிறகு
ஒன்றும் கேட்கவில்லை.

வெங்காயம் பொன்னிறத்தைத் தாண்டியது.

மூன்று வாரமாக மேலடுக்கிலிருந்தே
எடுத்து எடுத்துச் சமைத்தவள் நான்தான்.
மேலடுக்கு, பக்கத்துப் பண்ணையின் பழைய மாடு.
கீழடுக்கு, பிஸ்கட்.

விடியுமுன் எழுந்து தீவனம் வைத்து,
கயிற்றோடு நடக்கப் பழக்கி,
என் ஷாம்பூவைப் போட்டுக் குளிப்பாட்டி
(அந்தக் கோடை முழுக்க என் தலைக்கு வெறும் சோப்பு)
ஆயிரத்து முந்நூறு பவுண்டு வரை வளர்த்தாள்.
மாவட்டக் கண்காட்சியில் மூன்றாம் பரிசு, வெள்ளை ரிப்பன்.
ஏலத்தில் விலை படியவில்லை.
வீட்டுக்கே எடுத்துக்கொண்டோம்.
எடுத்துக்கொண்டோம்!
எவ்வளவு சுத்தமான வார்த்தை.

மேலே வந்தாள்.
கையில் வெள்ளைக் காகிதப் பொட்டலம்,
கறிக்கடையின் சிவப்பு முத்திரை:
விற்பனைக்கு அல்ல.
"மேல இருந்தது தீர்ந்துபோச்சும்மா."

"முட்டை பொரிச்சுக்கலாமா?"
"அப்பாவுக்கு முட்டை பத்தாது" என்றாள்.
அவளே காகிதத்தைப் பிரித்தாள்.

கல்லாக இருந்தது.
வாணலியில் போட்டு மூடி,
இளகிய ஓரத்தை மட்டும் சுரண்டி,
திருப்பிப்போட்டு மறுபடி சுரண்டி.
பாதியில் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.
நான் விட்டுக்கொடுத்தேன்.
தக்காளி சாஸ், கடுகு விழுது, மிளகு,
கைக்கு வந்த அளவு சர்க்கரை.
சீஸ் துண்டுகளின் பிளாஸ்டிக் சட்டையை ஒவ்வொன்றாய்க் கழற்றி
கறியின்மேல் பரப்பினாள்,
இடைவெளி எங்கும் தெரியாதபடி.
எட்டுப் போதும். பன்னிரண்டு போட்டாள்.
நான் எண்ணவில்லை என்பதுபோல் பன்களுக்கு வெண்ணெய் தடவினேன்.

வீடெல்லாம் மணந்தது.
அதுதான் சங்கடம்.
நன்றாகவே மணந்தது.

அலுமினியத் தாளில் ஆறு பொட்டலம்,
பழைய துண்டில் சுற்றி அவள் மடியில்.
வயல்வழியில் வண்டி குதிக்கும்போதெல்லாம்
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அறுவடை இயந்திரம் தூரத்தில் வந்துகொண்டிருந்தது,
தன் வெளிச்சத்தைத் தானே தின்றபடி.
கர்ட் கதவைத் திறந்தான். உமித்தூசியில் புருவம் நரைத்திருந்தது.
எஞ்சினை அணைக்கவில்லை,
அணைத்தால் அரை ஏக்கர் நஷ்டம்.
இரண்டு கடியில் பாதி முடிந்தது.
"பிரமாதம். இன்னிக்கு என்ன போட்டீங்க?"

நான் சீஸ் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பிஸ்கட்" என்றாள் ஹேட்டி.

மென்றுகொண்டிருந்த தாடை நின்றது.
என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.
சாவியைத் திருப்பினான்.
இருநூறு ஏக்கரும் ஒரே நேரத்தில் அமைதியானது.
பிறகு மிச்சத்தையும் சாப்பிட்டான், மெதுவாக,
தாளில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து.

அவள் ஏணியில் ஏறி
ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்துச் சின்ன இருக்கையில் உட்கார்ந்து
தன்னுடையதைப் பிரித்தாள்.
நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.
சாப்பிட்டாளா, எவ்வளவு சாப்பிட்டாள், தெரியாது.
கேட்கவும் மாட்டேன்.

ஒன்பதரைக்கு வீடு திரும்பி
விளக்கைக்கூடப் போடாமல் படுத்துவிட்டோம்.
வாணலியில் தண்ணீர் ஊற்றி வைக்க மறந்துபோனேன்.
காலையில் பேருந்துக்குக் கிளம்பும் அவசரத்தில்
அடியில் இறுகிப்போன சீஸைச் சுரண்டினேன்,
சுரண்டிக்கொண்டே இருந்தேன்.
எளிதான சாப்பாடுதான்.
இது ஒன்றுதான் கஷ்டம்.