இன்னொரு கால் சுற்று

கியர் ஆயில் பால் டீ நிறத்தில் வந்தது.
தேசிங்கு விரலில் தொட்டு முகர்ந்தான்.
'தண்ணி ஏறியிருக்கு.'
நான் உப்பனாற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்
அதுதான் ஏதோ செய்துவிட்டதுபோல.

அடித் திருகாணி
சாவி வைக்கும் முன்னே கையோடு வந்துவிட்டது.
அதன் மரையிடுக்கில்
வெள்ளைச் சுருளாய் அலுமினியம்
துருவல்பல்லில் ஒட்டிய தேங்காய் மாதிரி.

மோட்டாருக்கு மூன்று பங்கு.
தேசிங்கு, நான், அஞ்சலாட்சி.
வலையும் ஐஸ்பெட்டியும் அவள் பணம் தனி.
கம்பெனிக்காரன் போனில் சொன்னான்:
கீழ்ப்பாகத்தை முழுசா மாத்தணும்,
நாற்பத்திரண்டாயிரம் ஆகும்.
அஞ்சலாட்சி காலிப் பெட்டிமேல் உட்கார்ந்து
'கடைசியா யாரு முடுக்குனது?' என்று கேட்டாள்.

போன வருஷம் வந்த மெக்கானிக் என்றேன்.
தேசிங்கு குனிந்து
மணலில் எதையோ தேடினான்.

மரை கழண்டவன் என்று ஊரில் ஏசுவார்கள்.
மரையைத் தின்றவனுக்குப்
பேர் ஏதும் இல்லை.

நாலு போல்ட்டைக் கழற்றி
கீழ்ப்பாகத்தைத் துண்டில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டு
தேசிங்கின் வண்டியில் பின்னால் போனேன்,
சிங்காரத்தோப்பிலிருந்து முதுநகர் வரைக்கும்.
வேகத்தடை வரும்போதெல்லாம்
மீதி எண்ணெய் என் லுங்கியில் சொட்டியது.

பிலவேந்திரன் பட்டறையில் மின்சாரம் இல்லை.
வரட்டும் என்று
திருகாணியை வெயிலுக்குக் காட்டித் திருப்பினான்.
'முடுக்குனவன் கோவக்காரன் இல்லண்ணே.
கோவத்துல முடுக்கியிருந்தா தலை பொளந்திருக்கும்.
இது தினம் கொஞ்சம், தினம் கொஞ்சம்.'
எனக்கு என்ன சொல்ல?
'அப்படியா' என்றேன்.

மாசியில் ஒரு ராத்திரி
பதினெட்டுப் பாகத்தில் மோட்டார் நின்றது.
புதுச்சேரி வெளிச்சம் கண்ணுக்கு வரும்வரை
வாடை தள்ளவில்லை, கொண்டல் தள்ளவில்லை,
நீரோட்டம் மட்டும் எங்களை இழுத்துப்போனது.
கியரில் தண்ணீர் என்று பிறகு தெரிந்தது.
அன்றிலிருந்து
படகு இறக்கும் முன் இருட்டில் தனியாகப் போய்
இன்னொரு கால் சுற்று.
பல் தேய்ப்பதுபோல.
அது இறுகியதா, என் மனசா,
இரும்புக்கு அலுமினியம் எவ்வளவு நாள் ஈடுகொடுக்கும்,
யோசிக்கவில்லை.

கரண்ட் வந்தது.
துளையைச் சரிசெய்ய
முதலில் அதை இன்னும் பெரிசாக்கினான்.
எனக்கு வயிறு கலங்கியது.
பொடி உள்ளே விழாமல் இருக்க
டேப்பின் காடியெல்லாம் கிரீஸ் அப்பி
அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால்,
அரை முன்னால், கால் பின்னால்.
முன்னால் மட்டுமே திருப்பத் தெரிந்த என் கை
பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

டீசல் விட்டு மூன்று முறை கழுவினான்.
கம்பிச் சுருள் ஒன்றை எடுத்தான்,
பேனா ஸ்பிரிங்கைவிடக் கொஞ்சம் தடிமன்.
உள்ளே இறக்கி
அதன் வாலைத் தட்டி ஒடித்தான்.
டிக்.
ஒடிந்த வாலைக் காந்தத்தால் எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தான், எதற்கென்று தெரியவில்லை.
சைக்கிள் பம்பில் காற்றடித்துச் சோப்புத்தண்ணி தடவினான்.
ஒரு குமிழியும் இல்லை.
அறுநூற்றைம்பது ரூபாய்.

கரையில் மாட்டினோம்.
கீழ்த்துளை வழியே எண்ணெய் ஏற்றி
மேல்துளையில் தலைகாட்டியதும்
மேலதை மூடினோம் முதலில்.
மேலே மூடியிருந்தால் கீழே சட்டென்று கொட்டாது,
தேசிங்கு சாவகாசமாய் வாஷரைத் துடைத்துப் போட்டான்.
நான் சாவியை எடுத்தேன்.
இறுகியது. நின்றது.
என் மணிக்கட்டு மட்டும் நிற்க மாட்டேன் என்றது.

'குடு இங்க' என்றாள் அஞ்சலாட்சி.
சாவியை வாங்கித்
தன் சுருக்குப்பையில் போட்டு இழுத்துக் கட்டினாள்.
'இனிமே இது எங்கிட்டயே கெடக்கட்டும்.'
வேறெதுவும் கேட்கவில்லை.
மெக்கானிக் பேரைக்கூட.

மூணு மணிக்கு விழித்துக்கொண்டேன்.
கரைக்குப் போனேன்.
கையில் ஒன்றும் இல்லை.
திருகாணியை விரலால் தொட்டேன்.
காய்ந்திருந்தது.
மறுபடியும் தொட்டேன்.