இரும்பு தொடாதவள்

சனிக்கிழமை ராத்திரி
செவ்வாய்ப்பேட்டை மாடியறையில்
நாலு பேர், ஒரு இருபதுமுகப் பகடை,
ஆறு தட்டுவடை செட்.
கீழே அப்பாவின் பட்டறை இன்னும் மூடவில்லை.
கொலுசுக்குப் பொடி வைத்து ஊதும் சத்தம்
படியேறி வருகிறது.

மாதேஷுக்கு வாள், உச்சி முதல் பாதம்வரை கவசம்.
நூர்ஜஹானுக்குப் பூட்டுத் திறக்கும் கம்பிகள்.
நான் ட்ரூயிட் என்றேன்.
உருக்காலை ஊரில் உட்கார்ந்துகொண்டு
இரும்பு உடுத்தமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.
வெள்ளி?
அதுவும் கூடாது, விதி.
பகலெல்லாம் பற்றவைத்து
நகக்கண் கறுத்த விரலால் எழுதினேன்:
தோல் சட்டை, மரக் கேடயம், கருங்காலித் தடி.

அன்றிலிருந்து கேலிதான்.
மாதேஷ்மேல் விழும் அடி டங்கென்று ஒலித்துத் திரும்பும்.
என்மேல் விழுந்தால் சத்தமே வராது,
உயிர்ப்புள்ளி மட்டும் உதிரும்.

காட்டுக்குள் வந்து பார்க்கவேண்டும் என்னை.
போன மாதம் பதினோரு கொள்ளையர் துரத்த
ஒரே ஒரு சொல் சொன்னேன்.
புல் எழுந்து கணுக்காலைப் பிடித்தது,
உண்ணிச்செடிகள் கைகோத்துக்கொண்டன.
மாதேஷின் வாள் உறையைவிட்டே வரவில்லை.
அன்றைக்கு எனக்கு இரண்டு செட் கூடுதல்.

வைத்தியம் தெரியும், பூசாரி அளவுக்கு இல்லை.
நெருப்பு வரும், மந்திரவாதி அளவுக்கு இல்லை.
எல்லாக் கடையிலும் கணக்கு உண்டு,
எந்தக் கடைக்கும் முதலாளி இல்லை.

இந்த வாரம் ஆட்டம் நடத்தும் ஜெரால்டு
பொடி வைத்தே ஆரம்பித்தான்.
"எதிரே ஒரு கோட்டை.
சுவர் இரும்பு, தரை இரும்பு,
பேருக்கு ஒரு பாசிகூடக் கிடையாது."
என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.

வேரைக் கூப்பிட்டேன், மண் இல்லை.
மின்னலைக் கூப்பிட்டேன், வானம் இல்லை.
பேச்சுத் துணைக்கு ஒரு எறும்பு?
இல்லை.
மிச்சமிருந்தது உருமாற்றம்.

எலியானேன்.
கதவுக்கடியில் நுழைந்தேன்.
அந்தப் பக்கம் இருந்தது பொய்த்தரை,
அதற்குக் கீழே அமிலத் தொட்டி.
விழுந்தடித்துத் திரும்பி வந்து சொன்னேன்:
கீச்.

"என்ன சொல்றா?"
"எலி பேசாது" என்றான் ஜெரால்டு.
மனுஷியாக மாற என் முறை வரவேண்டும்,
அதற்கு முன்னால் மாதேஷின் முறை.
நாற்காலியில் இருந்த நானும்
வாயைத் திறக்கக் கூடாது.
கீச், கீச் என்றேன்,
கண்ணில் தண்ணீர் முட்ட.
நூர்ஜஹான் மட்டும் என் முகத்தையே பார்த்தாள்.
மாதேஷ் கதவைத் தள்ளினான்.

நீந்தத் தெரிந்தவன்தான்.
கவசம் விடவில்லை.

அப்புறம் யாரும் தட்டுவடையைத் தொடவில்லை.

ஞாயிறு விடிகாலை ஏற்காடு கிளம்பினோம்,
ரெண்டு வண்டியில், செத்தவனையும் ஏற்றிக்கொண்டு.
பதினான்காவது கொண்டை ஊசி வளைவில்
சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவிலிருந்து
ஒரு காட்டெருமை இறங்கி
ரோட்டில் நின்றது,
நாலு காலிலும் வெள்ளை சாக்ஸ் போட்டதுபோல.

"பேசேன்" என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து
மாதேஷ் கிசுகிசுத்தான்.
நேற்றுத்தான் கொன்றேன் அவனை,
எப்படி மறுப்பது?

வண்டியை அணைத்து இறங்கினேன்.
பகடை இல்லை. யாருடைய முறை என்று
சொல்ல ஆளில்லை.
அதன் காதில் ஒரு ஈ.
என் காலில் கொலுசு,
அளவு பார்க்க அப்பா போடச் சொன்ன ஜோடி,
கழற்ற மறந்திருக்கிறேன்.
அசைந்தால் ஒலிக்கும்.

அசையவில்லை.

எவ்வளவு நேரமோ.
மூக்கால் ஒருமுறை ஊதியது,
பட்டறையில் அணையும் ஊதுகுழல்போல.
பிறகு காபிச் செடிகளை ஒதுக்கிக்கொண்டு
சரிவில் இறங்கிப் போனது.

"என்னடி சொன்ன அதுகிட்ட?"
நூர்ஜஹானின் குரல் இன்னும் நடுங்கியது.

கீச் என்றேன்.