கழித்தல்

எழுபத்தொன்றில் எனக்கு ஒரு மாலைக்குப் பதினெட்டு டாலர்.
கூடவே ஒரு பென்சில், ஒரு அட்டை,
அணிவகுப்புக்கு நடுவே புகுந்து நடக்கும் உரிமை.

துப்பாக்கி வெடித்ததும் ஆட்டம் தொடங்கும்.
நிஜத் துப்பாக்கிதான், தோட்டா மட்டும் வெற்று.
எல்லோருக்கும் பிறக்கும்போதே நூறு புள்ளி.
என் வேலை கழிப்பது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
பையன்களின் முட்டிகளைப் பார்ப்பேன்.
ஒரு முட்டி தாழ்ந்தால் ஒரு கோடு.
எட்டு குச்சிகள் விழவேண்டிய இடத்தில்
ஒன்பதாவதாய் ஒரு சத்தம் கேட்டால் ஒரு கோடு.
கோடு ஒன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு.
கொடித்துணி புல்லைத் தொட்டுவிட்டதா,
அதற்குத் தனிக் கணக்கு.
படைவீரர் சங்கத்துப் பெரியவர்கள்
முதல் வரிசை நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருப்பார்கள்,
தரையில் விழுந்தது தங்கள் சொந்தத் தொப்பி போல.

லைல் ஓஸ்டர்ஹவுஸ் வருகிறான் என்றால்
பியூகிள்காரன்களுக்கு உதடு காயுமாம்.
அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு ராத்திரி, ரசீனில்,
ஒரு அணி பத்தில் ஒரு பங்கில் தோற்றது.
அந்தக் கோடு என்னுடையது.
அந்த நொடியில் என் காதருகே ஒரு கொசு.
கேட்டது தப்பான குச்சியா, கொசுவா?
எழுதிவிட்டேன்.
அழித்தால் அட்டை கறைபடும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது பூஜ்யத்தில் தொடங்கிக் கூட்டுகிறார்கள்.
நடுவர்கள் மேலே கண்ணாடி அறையில்
ரெக்கார்டரிடம் மெல்லிய குரலில் பேசுகிறார்கள்.
மைதானத்தில் அவர்கள் செருப்பு படுவதில்லை.

என்னைக் கூப்பிட்டது லாரி லைசென்ஸுக்காக.
லா க்ராஸிலிருந்து பதினாறு ஊர்கள்,
லாரிக்குள் மூன்று படிக்கட்டு,
ஒரு சின்தசைசர், பெயர் தெரியாத எத்தனையோ வயர்,
பாதியாய் அறுத்த ஒரு நிலா, பன்னிரண்டு அடி.
ஓட்டுவதும் நான். மைதானத்தில்
நிலாவின் இடது பாதியைத் தள்ளுவதும் நான்.
அதற்கென்று ஒரு கறுப்புச் சட்டை தந்திருக்கிறார்கள்,
இருட்டில் நான் இல்லை என்று காட்ட.

எல்லாம் பிடித்திருக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன்.
யாரும் வாய் திறக்காமல் ஸ்பீக்கரில் கூட்டுப்பாடல் வருகிறது.
ஒருத்தி மைக்கில் கடலைப்பற்றிச் சொல்கிறாள்,
நாங்கள் நிற்பதோ சோளக்காட்டு நடுவில்.
மேளக்காரர்கள் புரள்கிறார்கள், ஓடுகிறார்கள்,
முதுகு வளைத்து வானம் பார்க்கிறார்கள்.
கொடிகளை வேண்டுமென்றே தரையில் வீசி
அதன்மேல் படுத்துக்கொள்கிறார்கள்.
என் கட்டைவிரல் இல்லாத பென்சிலை அழுத்துகிறது
சட்டைப்பைக்குள்,
ஒரு இரவில் முந்நூறு, நானூறு தடவை.

டுபுக்கில் அன்று மாலை மழை பெய்து ஓய்ந்திருந்தது.
மாய்நூ ஷியோங், டியூபாக்காரி,
தன் எடையில் பாதியைத் தோளில் வைத்துப்
பின்னோக்கி ஓடி வந்தவள்
நிலாவின் ஓரத்தில், எனக்கு மூன்றடி தள்ளி
மல்லாந்து விழுந்தாள்.
பித்தளை மண்ணில் மோதிய சத்தம்.
விழுந்த இடத்திலேயே, படுத்தபடி,
அவள் சுரத்தை விடவில்லை.
எழுந்தாள், ஓடினாள்.
கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

பழைய அட்டையில் என்றால் எத்தனை கோடு?
விழுந்ததற்கு, வரிசை குலைந்ததற்கு, இசைக்கருவிக்கு, சேற்றுக்கு.
எண்ணத் தொடங்கினேன்.
நிலாவைத் தள்ளவேண்டிய தாளத்தைத் தவறவிட்டேன்.
வலது பாதி தனியாகப் போய்விட்டது.

ராத்திரி, லாரி அருகே,
ஸ்லீப்பிங் பேக்கைக் கக்கத்தில் இடுக்கி
ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.
கேட்டேன்: அந்த விழுந்தது, ஆட்டத்தில் உள்ளதுதானா?

"எது? ரெண்டு தடவை விழுந்தேனே," என்றாள்.
"ஒண்ணு எழுதி வச்சது."

எது என்று சொல்லவில்லை.
இரண்டாவதை நான் பார்க்கவேயில்லை.

"நீங்க லேட்டு," என்றாள் போகிறபோது.
"நிலா கொஞ்ச நேரம் உடைஞ்சே நின்னுது.
நல்லாத்தான் இருந்துச்சு."

லாரிக் கதவைச் சாத்துமுன்
இடது பாதியின் சக்கரத்தில் சிக்கிய புல்லை
விரலால் பிடுங்கினேன். வரவில்லை.
விட்டுவிட்டேன்.
காலையில் டேவன்போர்ட்.